கடைசி நிரை

லூர்தம்மாள் தினமும் ஒரு நிரையை மிச்சம் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறாள் என்பதை முதலில் கண்டுகொண்டது பெருமாயிதான்.

நாச்சிமுத்துவின் மல்லிகைத் தோட்டம் நிலக்கோட்டை ரோட்டுக்கு மேற்கே, செபமாலைபுரம் கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. பூவெடுக்கும் பெண்கள் பதினொரு பேர். ஆளுக்கு ஐந்து நிரைச் செடி, ஐந்து வரிசை. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு குனிந்தால் ஒன்பது மணிக்குத்தான் நிமிர முடியும். பங்குனி வெயில் அதற்குமேல் பொறுக்காது. வெயில் பட்டால் மொட்டு வாய் திறந்துவிடும். வாய் திறந்த பூவை மார்க்கெட்டில் யாரும் மதிப்பதில்லை. அதனால் கடைசி ஒரு மணி நேரம் யாரும் வாயைத் திறப்பதும் இல்லை. இரண்டு கையும் இரண்டு பக்கத்துச் செடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

லூர்தம்மாள் நாலு நிரையை மற்றவர்களைவிட வேகமாக முடிப்பாள். எட்டேகாலுக்கு மடியை அவிழ்த்து எடைக் கொட்டகையில் கொட்டுவாள். வேன்காரர் கிளெமென்ட் பேரையும் எடையையும் எழுதிக் கொடுக்கும் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்துவிடுவாள். ஐந்தாவது நிரை அப்படியே நிற்கும். பாதியைப் பெருமாயி ஓடி ஓடி எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொள்வாள். மீதி செடியிலேயே மலர்ந்து போகும்.

"அடியே லூர்து, நீ விட்டுட்டுப் போறத நான் எடுத்துக்கிறேன், எனக்கொண்ணும் நட்டமில்ல" என்றாள் பெருமாயி ஒருநாள். "ஆனா கைக்கு வர்றத ஒருத்தி வேணாங்குறான்னா, அவளுக்கு வேற எங்கயோ வருதுன்னுதான நான் நெனைப்பேன்."

"நெனைச்சுக்கோக்கா."

"நான் நெனைச்சாப் பரவால்ல. ஊரு நெனைக்குதே. தன்னால வேற பேசிக்கிட்டுப் பூவெடுக்குற. நேத்து நான் பக்கத்து நிரையில நிக்கிறேன், 'எறங்கல, எறங்கல'ங்குற. யாருடி எறங்கல?"

லூர்தம்மாள் சிரித்தாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள். அதைப் பெருமாயி மனசில் குறித்துக்கொண்டாள்.

அவள் போவது வெகுதூரம் இல்லை. புதுப் பாலம் வந்த பிறகு பஸ் எல்லாம் மேலே போய்விடுகிறது. கீழே பழைய ரோட்டில் ஒரு நிழற்குடை மட்டும் நிற்கிறது. பஸ் வராது. சிமெண்ட் பெஞ்சில் ஆட்டுப் புழுக்கை கிடக்கும். அதைத் தட்டிவிட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்புச் சேலைக்குள் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருக்கும் நோட்டை எடுப்பாள். ஒன்பது மணி வரை எழுதுவாள்.

அவள் எழுத்துப் படித்தது நாற்பத்திரண்டு வயதில். நூறு நாள் வேலையில் கைநாட்டு வைக்கிறார்கள் என்று, சுகன்யா என்கிற கல்லூரிப் பெண் மாதா கோயில் கூடத்தில் சாயங்காலம் ஆறு மாதம் வந்து சொல்லிக் கொடுத்தாள். மற்றவர்கள் கையெழுத்துப் போட வந்ததும் நின்றுவிட்டார்கள். லூர்தம்மாளுக்கு நிற்க மனம் வரவில்லை. பஸ் போர்டு படித்தாள். பூச்சீட்டு படித்தாள். சோப்பு உறை, கல்யாண பேனர், கல்லறைச் சிலுவை எல்லாம் படித்தாள். படித்துப் படித்து, ஒருநாள் எழுத வேண்டும் போலிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் ஆனந்த்ராஜின் பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டு பின்பாதி வெறுமையாகக் கிடந்தது. அதில் ஆரம்பித்தாள்.

வீட்டில் எழுத முடிந்ததில்லை. முயன்று பார்த்திருக்கிறாள். நோட்டை விரித்தால் யாராவது வருவார்கள். யாரும் வராவிட்டால் ஆடு கத்தும். ஆடு படுத்திருந்தால் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும். எழுதுகிறவளைப் பார்த்தால் சும்மா இருக்கிறவளைப் போலத்தான் தெரியும். சும்மா இருக்கிறவளிடம் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். அதனால் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். விடியலில் குனியும்போதே ஒரு வரியைப் பிடித்துக்கொள்வாள். நாலு நிரை முடியும்வரை அதை வாய்க்குள் போட்டு உருட்டுவாள். வேண்டாத சொல்லைத் துப்புவாள். கை பூவை எடுக்கும், வாய் வரியை எடுக்கும். நிழற்குடைக்குப் போவது அதை இறக்கி வைக்க மட்டும்தான். அவள் கைக்கு எழுத்து இன்னும் பழகவில்லை. இரண்டு வரி இறக்கி வைக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பான். அதற்கு அவளிடம் பதில் இல்லை.

புருஷன் இஞ்ஞாசி அதே தோட்டத்தில்தான் இருந்தான். மோட்டார் போடுவது, வாய்க்கால் திருப்புவது, மருந்தடிப்பது. பதினாறு வருஷமாக மோட்டார் ரூம் சாவி அவன் அரைஞாணில்தான் தொங்குகிறது. எழுத்து அறியாதவன். சாவியைப் பற்றிப் பெருமை உண்டு.

அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்ததும் கேட்டான்.

"என்ன வெஞ்சனம்?"

"சுட்ட கத்திரிக்காத் தொவையலு."

"நேத்தும் அதான."

"தவசு காலத்துல ஆட்டுக்காலா வைப்பாக?"

இரண்டு வாய் சாப்பிட்டான். "பெருமாயி என்னமோ சொல்லுச்சு."

"அது சொல்லாத நாளு ஏது."

"எட்டேகாலுக்கே போயிர்றியாம்ல."

"ஆமா."

"வீட்டுக்கு ஒம்பதரைக்குத்தான வர்ற."

"நடக்க வேணாமா."

"செனை எருமையே கால் மணியில வந்துரும் லூர்து."

அவள் இன்னொரு கரண்டி சோற்றை அவன் தட்டில் வைத்தாள். அப்போது அவள் நடுவிரல் ஓரத்தில் நீலமாக ஏதோ இருப்பதைப் பார்த்தான். பூப்பறிக்கிறவள் விரலில் பச்சைக் கறை இருக்கும், மண் கறை இருக்கும். நீலம் எப்படி வரும்? மீதிச் சோற்றைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனான். அவன் பேசாமல் சாப்பிட்டால் வயிற்றுக்குள் வேறு எதுவோ போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

இது நடந்த நாலாம் நாள், புதன்கிழமை, தோட்டத்துக்கு ஜீப் வந்தது.

நாச்சிமுத்துவின் கிணறு தை மாதமே கீழே போய்விட்டது. மல்லிகை தண்ணீர் கேட்கிற செடி. அதுவும் பூ வருகிற பங்குனி சித்திரையில் விடாமல் கேட்கும். கண்மாய்க்குள் நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. ஊர் ஆடு மாடு குடிக்கிற தண்ணீர். நாச்சிமுத்து சொல்லி, இஞ்ஞாசிதான் கோரைப் புல்லுக்கு அடியில் கறுப்புக் குழாயைப் புதைத்துக் கொண்டுவந்து கிணற்றில் விட்டிருந்தான். எல்லோரும் சாப்பிடப் போகிற உச்சி நேரத்தில் மோட்டார் ஓடும். ஜீப்பில் வந்தவர்கள் யாரையும் எதையும் கேட்கவில்லை. நேராகக் கோரைக்குள் இறங்கி, குழாய் திரும்புகிற இடத்தில் மண்வெட்டியைப் போட்டார்கள். குழாயை நாலு துண்டாக வெட்டினார்கள். கண்மாய் மோட்டாரைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். நாச்சிமுத்துவிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

ஜீப் போன பிறகு நாச்சிமுத்து கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். அதுதான் இஞ்ஞாசிக்குப் பயம்.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனுப் போட்டிருக்காக. பேரு போடல, மொட்டை மனு" என்றார். "கொழா எந்த எடத்துல திரும்புது, எத்தன மணிக்கு ஓடுது, எல்லாம் இருக்கு. கூடவே படுத்துக் கெடந்து பாத்த மாதிரி எழுதியிருக்கு. எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். மூணாவது யாரு இஞ்ஞாசி?"

"தெரியல மொதலாளி."

"நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"சாமியார்கிட்ட சொன்னேன்."

"எந்தச் சாமியாரு?"

"கோயில்ல. பாவசங்கீர்த்தனத்துல, செஞ்ச பாவத்தச் சொல்றப்ப."

"ஏன்யா, எங்கொழாயப் போயி எதுக்குய்யா அங்க சொன்ன?"

"ஊருத் தண்ணியில்லையா மொதலாளி. மனசு கேக்கல. அவுக வெளிய சொல்ல மாட்டாக. சத்தியம் பண்ணியிருக்காக."

"வேற?"

"வீட்ல சொன்னேன்."

நாச்சிமுத்து அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒம் பொண்டாட்டி எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவதான?"

அவள் நடுவிரலில் இருந்த நீலம் பேனா மை என்று இஞ்ஞாசிக்கு இப்போது தெரிந்துவிட்டது.

அன்று அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து வீட்டைத் துழாவினான். அரிசி டிரம்முக்குள் பார்த்தான். மாதா படத்துக்குப் பின்னால் பார்த்தான். ஆட்டுத் தவிட்டு டப்பாவுக்குள் கை விட்டபோது பாலிதீன் பை தட்டுப்பட்டது. நோட்டை விரித்தான். வரி வரியாக ஓடியிருந்தது. ஒரு பக்கம் இல்லை, பத்துப் பதினைந்து பக்கம். குழாயைப் பற்றி இம்புட்டு எழுத முடியுமா என்று மலைப்பாக இருந்தது. அவனைப் பற்றியும் இருக்குமோ? அவன்தானே புதைத்தான்.

மறுநாள், மோட்டாருக்கு வாசர் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பூ மூட்டைகளோடு கிளெமென்ட் வேனில் ஏறிக்கொண்டான். நோட்டு வேட்டி மடிப்புக்குள் இருந்தது. ஊரில் வேறு யாரிடமும் அதைக் காட்ட அவனுக்குத் துணிச்சல் இல்லை. கிளெமென்ட் உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளமே தவிர நல்ல மனுசன், தங்கச்சியைக் கண்மாய்க்குக் கீழ்ப்பக்கம், அந்தத் தண்ணீரை நம்பி ஆடு மாடு வைத்திருக்கும் வீட்டில் கட்டிக் கொடுத்தவன், பன்னிரண்டாவது படித்தவன். ரயில்வே கேட் அடைத்திருந்தது. கிளெமென்ட் வேனை நிறுத்தினார். நனைந்த சாக்குக்குள் இருந்து மல்லிகை வாசனை முன்னால் வந்து மூக்கை அடைத்தது.

"தம்பி, இத ஒண்ணு படிச்சுச் சொல்லு."

"என்னண்ணே இது?"

"மனுவான்னு பாரு."

ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கிளெமென்டின் விரல் நின்றது. நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக இதயத்தின் படம். "ஆனந்த்ராஜ், பத்தாம் வகுப்பு" என்று இருந்தது. "இது இருதயம்ணே."

"பின்னால திருப்பு."

கிளெமென்ட் திருப்பினார். உதட்டை அசைத்துக் கொஞ்சம் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"அவள் நிலக்கோட்டையில் பஸ் ஏறினாள். பூக்கூடை காலி. அதை மடியில் வைத்தாள். அவள் ஊர் வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். அவள் இறங்கவில்லை."

இஞ்ஞாசி கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் எறங்கல?"

"அது போடலண்ணே."

"மேல படி."

"வீட்டில் சோற்றுச் சட்டி காலி. அவள் புருஷன் வாசலில் நிற்பான். அதை நினைத்தாள். அடுத்த ஊர் வந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அவளுக்கு என்று வந்த காற்று மாதிரி இருந்தது."

ரயில் போயிற்று. கடைசிப் பெட்டி போகும்வரை இஞ்ஞாசி அதையே பார்த்தான்.

"யாரு தம்பி அந்தப் பொம்பள?"

"பேரு இல்லண்ணே."

"இதுலயும் பேரு இல்லையா?"

"மனு இல்லண்ணே இது. சத்தியமா மனு இல்ல. கதை."

"கதைன்னா?"

"கதைன்னா கதைதான். நடக்காதத எழுதுறது."

"நடக்காதத எதுக்கு எழுதணும்?"

கிளெமென்டுக்கும் அது தெரியவில்லை. கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். கிளெமென்ட் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆனா அண்ணே, பொம்பள மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா" என்றார். "எழுதுற கை எதையும் எழுதும்ல." அதை அவர் இஞ்ஞாசியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

திரும்பி வந்து, அவள் கண்மாய்ப் பக்கம் ஆட்டை ஓட்டிப் போயிருந்த நேரத்தில் இஞ்ஞாசி நோட்டைத் தவிட்டுக்குள் வைத்துவிட்டான். ஆனால் தவிட்டை மேலே சமமாகத் தட்டிவிடத் தெரியவில்லை. ஆட்டுக்குத் தவிடு அள்ளப் போன லூர்தம்மாள் ஒரு கணம் நின்றாள். பிறகு அள்ளினாள். அன்று சாப்பிட்டு வாசல்படியில் நின்று கை கழுவும்போது, "நிலக்கோட்டை பஸ்ஸு எத்தன மணிக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

மறுநாள் காலை லூர்தம்மாள் நாலு நிரை முடித்துக் கொட்டகைக்கு வந்தபோது நாச்சிமுத்து தராசுக்குப் பக்கத்தில் நின்றார். வழக்கமாக அவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். கிளெமென்ட் வேனில் சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார். இஞ்ஞாசியை மோட்டார் ரூமிலிருந்து கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். என்ன என்று தெரியாவிட்டாலும் பெண்கள் மடியோடு ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள்.

"நீ என்னமோ நோட்டுல எழுதுறியாமே" என்றார் நாச்சிமுத்து. "கிளெமென்ட் சொன்னான்."

லூர்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். "அதுல ஒங்களப் பத்தி ஒண்ணும் இல்ல மொதலாளி" என்றான். "நான் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பஸ்ஸுல போற பொம்பள."

"எங்க போறா?"

"தெரியல."

"எங்க போறான்னே தெரியாம எதுக்கு எழுதுறா?" நாச்சிமுத்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார். மனுவை யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். "இது நீ எழுதுனதா?"

லூர்தம்மாள் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படித்தவர்கள் எழுத்தைப் பார்த்ததும் வார்த்தைக்குத் தாவிவிடுவார்கள். அவளுக்கு அந்த வேகம் கிடையாது. முதலில் கோட்டைப் பார்ப்பாள், சுழியைப் பார்ப்பாள், பிறகுதான் எழுத்து, அதற்குப் பிறகுதான் வார்த்தை. "கிணறு" என்று இருந்தது. அந்தக் 'கி'யின் கொக்கி மேலே போய், காதில் போட்ட வளையம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியிருந்தது. அந்த வளையத்தை அவளுக்கு மூன்று வருஷமாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் இடுப்பில் செருகிக்கொண்டு போகிற சீட்டில், எடைக்குப் பக்கத்தில் "கிலோ" என்று எழுதியிருக்கும். நாச்சிமுத்துவும் தினம் பார்க்கிற சீட்டுதான். ஆனால் அவர் சீட்டில் எண்ணை மட்டும் பார்ப்பவர்.

நிமிர்ந்தாள். கிளெமென்ட் கட்டிய முடிச்சையே மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் அவள் வீட்டுக்குப் போய்விடலாம். மோட்டார் ரூம் சாவி அரைஞாணிலேயே இருக்கும். ஆனால் குழாய் வெட்டிய மறுநாள் அவள் ஆடு கண்மாய்க்குள் இறங்கி முழங்கால் மடித்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்திருந்தாள்.

"நான் எழுதல மொதலாளி."

"யாரு எழுதுனான்னு தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்."

"அப்ப எழுதிக் காட்டு. ரெண்டையும் வச்சுப் பாத்துருவோம். கிளெமென்ட், ஒரு சீட்டக் குடு. பேனாவக் குடு. நீ எழுதலன்னா ஒனக்கு நல்லது, ஒம் புருசனுக்கும் நல்லது. எழுதியிருந்தா சாவியக் குடுத்துட்டு ரெண்டு பேரும் கெளம்பிருங்க."

கிளெமென்ட் பேனாவைக் கொண்டுவந்து நீட்டினார். பேனா அவர் வேர்வையில் ஈரமாக இருந்தது. அவள் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"என்ன எழுத?"

"எதையாச்சும் எழுது."

கொட்டகையில் ஒரு காலித் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சீட்டை வைத்துக் குந்தினாள். விடியலில் இருந்து வாயில் உருட்டிக்கொண்டிருந்தது அப்படியே இருந்தது. இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எங்கே போய்விடுமோ என்று பயந்திருந்தாள். போகவில்லை. முதல் எழுத்தைத் தொடங்கினாள்.

கோடு ஒன்றை இறக்கினாள். நிறுத்தினாள். பக்கவாட்டில் இழுத்து மேலே ஏற்றினாள். பேனாவைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்த எழுத்து.

ஒரு வார்த்தை முடிந்தபோது பெண்களில் ஒருத்தி மடியை இறக்கித் தரையில் வைத்தாள். இரண்டாவது வார்த்தையில் நாச்சிமுத்து வாட்சைப் பார்த்தார். வெயில் கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கிப் பூக்குவியலின் ஓரத்தைத் தொட்டது. இஞ்ஞாசி போய்ச் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து குவியல்மேல் போட்டான். லூர்தம்மாளுக்கு இது ஒன்றும் தெரியவில்லை. எழுதும்போது இத்தனை பேர் அவளுக்காக வேலையை நிறுத்திக் காத்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"இன்னும் எம்புட்டு?" என்றார் நாச்சிமுத்து.

"ஆச்சு மொதலாளி. ஒரு வரி."

"அந்த ஒரு வரிக்குள்ள மார்க்கெட்ட மூடிருவான்."

அவள் முற்றுப்புள்ளி வைத்தாள். அதையும் அழுத்தி வைத்தாள். நாச்சிமுத்து சீட்டை வாங்கினார். போனையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனுவின் எழுத்து ஓட்டமாகச் சாய்ந்து போயிற்று. அவள் எழுத்து முளைக்குச்சி அடித்த மாதிரி தனித்தனியாக நின்றது. பிறகு அவரை அறியாமலே வாய்விட்டுப் படித்தார்.

"பழனி வந்தது. எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். அவள் தன் கையைப் பார்த்தாள்."

பெருமாயி தன் கையைச் சேலையில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"மலைய விட்டுட்டு எதுக்குக் கையப் பாத்தா?" என்றார் நாச்சிமுத்து.

"தெரியல மொதலாளி. நாளைக்குத்தான் யோசிக்கணும்."

பெருமாயிதான் முதலில் சிரித்தாள். "விடுங்க மொதலாளி. இவ மனு எழுதி முடிக்கிறதுக்குள்ள கண்மாயி வத்தி, மழ பேஞ்சு, மறுபடி ரொம்பியிருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். கிளெமென்டும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக. நாச்சிமுத்துவின் உதடும் கோணிற்று. அப்படித்தான் அவள் மேல் இருந்த பழி போயிற்று. இவளால் முடியாது என்பதால் போயிற்று. லூர்தம்மாளுக்கு அது உறைத்தது. அந்த மூன்று வரியை இறக்கி வைக்க அவள் வாயிலிருந்து எத்தனை வரி துப்பினாள் என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது.

"சரி, நீ எழுதல" என்றார் நாச்சிமுத்து. "ஆனா ஒண்ணு. மிச்சம் போட்ட நிரையில தெனம் பூ மலந்து போகுது, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கத எழுதுறதெல்லாம் ஓஞ்சு ஒக்காந்தவுக வேல. நாளையிலருந்து அஞ்சு நிரையும் முடியணும். முடிக்கிறவதான் இங்க பூவெடுப்பா. அஞ்சு முடிஞ்ச பெறகு நீ என்னமும் எழுது."

ஐந்து முடிந்தால் ஒன்பது ஆகிவிடும். ஒன்பதுக்கு மேல் ஆடு, தண்ணீர், அடுப்பு. அவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"சரிங்க மொதலாளி" என்றாள். பேனாவைக் கிளெமென்டிடம் கொடுத்தாள். சீட்டைத் திருப்பிக் கேட்டாள். நாச்சிமுத்து கொடுத்தார்.

அன்று வீட்டில் இஞ்ஞாசிதான் பேச்சை ஆரம்பித்தான். "யாருதான் எழுதியிருப்பா?"

"யாரோ. வேகமா எழுதத் தெரிஞ்சவுக."

"ஒனக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்."

"மூஞ்சியப் பாத்தேன்ல. நீ போனுல பாத்துட்டு நிமிந்தப்ப." அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "எங்கிட்டச் சொல்ல வேணாம். சொன்னா நான் கோயில்ல போயிச் சொல்லிருவேன்."

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்தப் பொம்பள பழனியில எறங்கிட்டாளா?"

"எறங்கல. இன்னும் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கா."

"திரும்பி வர எத்தன நாளாகும்?"

"ஒரு நாளைக்கு ரெண்டு வரி. நீங்களே பாத்துக்கங்க. இப்ப அதுவும் இல்ல."

"திரும்பி வருவாள்ல?"

லூர்தம்மாள் நிஜமாகவே யோசித்தாள். "தெரியலங்க" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவனுக்குக் கலக்கமாக இருந்தது.

மறுநாள் எட்டேகால். நாலு நிரை முடித்து லூர்தம்மாள் ஐந்தாவதில் குனிந்தாள். வாயில் ஒரு வரி இருந்தது. அவள் அதை உருட்டவில்லை. உருட்டினால் துப்ப இடம் வேண்டும். அப்போது எதிர்முனையில் செடி அசைந்தது. இஞ்ஞாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டை மடியாக இடுப்பில் முடிந்து, பூவெடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் ஆண்கள் பூவெடுப்பது இல்லை. அவன் விரல் தடிமன். மொட்டோடு கொழுந்தையும் பிய்த்தான்.

பெருமாயி நிமிர்ந்துவிட்டாள். "ஏண்ணே, சேலை கட்டலையா?"

"ஒஞ் சேலையக் குடு, கட்டுறேன்" என்றான் இஞ்ஞாசி, குனிந்தபடியே. லூர்தம்மாளைப் பார்த்து, "போ" என்றான். "நிரை முடிஞ்சாப் போதும்னுதான மொதலாளி சொன்னாரு. யாரு முடிக்கணும்னா சொன்னாரு. செத்த நேரத்துல வந்துரணும்."

அவள் மடியைக் கொண்டுபோய்க் கொட்டினாள். கிளெமென்ட் எடை போட்டுச் சீட்டு கொடுத்தார். எழுத்து நேராக, குழந்தை எழுதின மாதிரி நின்றது. 'கி'யில் வளையம் இல்லை.

"கையெழுத்து மாறிப்போச்சே தம்பி."

"கை வலிக்குதுக்கா" என்றார் கிளெமென்ட்.

"மெதுவா எழுதுனா வலிக்காது" என்று சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

நிழற்குடையில் புழுக்கையைத் தட்டிவிட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுடைய ஐந்தாவது நிரை கண்மாய்க் கரையோரம் மேட்டில் இருக்கிறது. அதிலும் பெருமாயி ஒருநாளும் எட்டாத எதிர்முனைப் பாதியில் நின்றால்தான் நிழற்குடை தெரியும். மற்ற எந்த நிரையிலிருந்தும் தெரியாது. இஞ்ஞாசி பத்து மொட்டு எடுப்பான், தலையைத் தூக்கிப் பார்ப்பான். அவள் முதுகு தெரியும். மறுபடி குனிவான். பழைய ரோட்டில் பஸ் வருவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் மேலே பாலத்தில் ஒவ்வொரு பஸ் போகும் சத்தத்துக்கும் கையை நிறுத்தி, அவள் எழுந்து நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டான்.